கேப்டன்கிட்ட கேளுங்க: சின்ன ஏர்லைன்ல பைலட் வேலை, சேரலாமா வேணாமா?

பெரம்பூர் வாசகர்: சார், நான் ஐசிஎஃப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெச்சுத்தான் பையன பைலட்டுக்கு படிக்க வெச்சேன். சிபிஎல், அதான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், கையில வந்து 16 மாசம் ஆகுது, வேலை இல்ல. இப்ப ஒரு ரீஜனல் ஏர்லைன்ல ஏடிஆர்ங்கற ப்ரொபெல்லர் ஃப்ளைட் ஓட்ட ஆள் எடுக்கறாங்க. செலக்ட் ஆனா டைப் ரேட்டிங் (அந்த வகை ஃப்ளைட்ட ஓட்டறதுக்கான தனி டிரெய்னிங்) செலவு நம்மளுது, அதுக்கு மேல மூணு வருஷ பாண்டுனு சொல்றாங்களாம். சொந்தக்காரங்க எல்லாம் "ப்ரொபெல்லர் ஃப்ளைட்டுக்கு போனா அப்புறம் ஜெட்டுல எடுக்க மாட்டாங்க, பொறுமையா இரு"ங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: அப்ளை பண்ணச் சொல்லுங்க சார், இன்னைக்கே. கையெழுத்து போடறது வேற விஷயம், அதுக்கு வரேன்.

முதல்ல அந்த ப்ரொபெல்லர் பேச்ச விட்டுடுங்க. லாக் புக்ல ஏர்லைன் மணி நேரம்னா மணி நேரம்தான். நாளைக்கு ஏர்பஸ்ஸுக்கு மாறணும்னா அதுக்குனு தனியா டைப் ரேட்டிங் பண்ணணும், அவ்வளவுதான், ஏடிஆர்ல இருந்து ஜெட்டுக்கு போனவங்க என் கூட பறந்தவங்கள்லயே எத்தனையோ பேர். அதோட ஏடிஆர் நல்ல வாத்தியார் சார். சேலம் ரன்வே சுமார் 1800 மீட்டர்தான், அந்த மாதிரி ஊருக்கெல்லாம் போய் வர்றதுக்குனே இருக்கற ஃப்ளைட் அது. 25,000 அடிக்கு மேல ஏறாது, அதனால ஐப்பசி கார்த்திகை மழையில மேகத்துக்கு மேல ஜெட் மாதிரி தாண்டிப் போக முடியாது, ரேடார பார்த்து பார்த்து சுத்திகிட்டு வரணும். சென்னை தூத்துக்குடி, சென்னை திருச்சினு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேர செக்டார்தான், ஒரே நாள்ல நாலு டேக் ஆஃப் நாலு லேண்டிங் வந்துடும். சின்ன வயசுல இவ்வளவு லேண்டிங் கிடைக்கறது பெரிய பாக்கியம், இத நான் மனசார சொல்றேன்.

இன்னொன்னு, சும்மா உக்காந்திருந்தாலும் செலவு ஓடிகிட்டே இருக்கும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்க (வெளிய ஒண்ணும் தெரியாட்டியும் கருவிய பார்த்தே ஓட்டற தகுதி) வருஷா வருஷம் புதுப்பிக்கணும், க்ளாஸ் ஒன் மெடிக்கல் டெஸ்ட்டும் அப்படித்தான், ரெண்டுக்கும் காசு. கையும் மறந்து போகும்.

"இந்தியாவுல பைலட் பஞ்சம்"னு பேப்பர்ல வர்றது உண்மைதான், ஆனா பஞ்சம் கேப்டனுக்கு, 200 மணி நேரத்தோட நிக்கற ஃப்ரெஷ்ஷருக்கு இல்ல. 2023ல மட்டும் டிஜிசிஏ (விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு) குடுத்த சிபிஎல் 1,622. அதுல நிறைய பேர் உங்க பையன் மாதிரியே வாசல்ல நிக்கறாங்க. 2025 நவம்பர்ல பைலட்டுங்களுக்கு புது ஓய்வு விதி முழுசா வந்துச்சு, வாராந்திர ரெஸ்ட் 36 மணி நேரத்துல இருந்து 48 ஆச்சு, நைட் லேண்டிங் ஆறுல இருந்து ரெண்டா குறைஞ்சுது. அதுக்கு ஏத்த அளவு பைலட் இல்லாம அடுத்த மாசமே இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃப்ளைட்ட கேன்சல் பண்ணி, நம்ம மீனம்பாக்கத்துல ஜனங்க பெட்டியோட தரையில படுத்துக் கிடந்தாங்களே, பார்த்திருப்பீங்க. ஆள் வேணும்ங்கறது நிஜம். ஆனா அந்த ஆளா ஆகணும்னா முதல்ல ஒரு காக்பிட்டுக்குள்ள நுழையணும், கேப்டன் ஆகறதுக்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேணும், விதிப்படி வருஷத்துக்கு 1000 மணிக்கு மேல பறக்கவே கூடாது, நிதானமா 700னு வெச்சாலும் ரெண்டு வருஷத்துல அந்தக் கணக்கு வந்துடும். சின்ன ஏர்லைன்ல கமாண்ட், அதாவது கேப்டன் சீட், சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இப்ப கையெழுத்து விஷயம். கம்பெனி தன் காசுல டிரெய்னிங் குடுத்துட்டு, அந்தக் காச எடுக்கற வரைக்கும் ஆள நிறுத்தி வெக்கறதுக்குத்தான் பாண்டே. டைப் ரேட்டிங் காசும் நீங்க கட்டி பாண்டும் போடணும்னா, எதுக்கு பாண்டுனு பையன் நேரடியா கேக்கணும், ரெண்டுல ஒண்ண விடச் சொல்லணும். அப்புறம் மாசத்துக்கு எத்தனை மணி நேரம் மினிமம் கேரண்டி, பறக்காட்டியும் அந்தக் காசு வருமா, சம்பளம் டைப் ரேட்டிங் அன்னைக்கே ஆரம்பிக்குமா இல்ல லைன் ரிலீஸ் (டிரெய்னிங் முடிஞ்சு ரெகுலரா பறக்க விடறது) ஆனப்புறமா, பேஸ் எந்த ஊரு, இதெல்லாம் ஆஃபர் லெட்டர்ல எழுத்துல இருக்கணும். கம்பெனிகிட்ட இன்னைக்கு பறக்கற நிலைமையில எத்தனை ஃப்ளைட் இருக்கு, அதையும் கேளுங்க. வாயால சொல்றது வேணாம் சார். "இன்டர்வியூவுக்கு நான் ஏற்பாடு பண்றேன்"னு காசு கேக்கற ஏஜென்ட் யாராவது வந்தா கதவ சாத்திடுங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா சின்ன ஏர்லைன் மூடறத கிட்ட இருந்து பார்த்தவன் நான். நம்ம சென்னையிலயே பாரமவுண்ட், 2005ல எம்ப்ரேயர் ஜெட்டோட கம்பீரமா ஆரம்பிச்சுது, 2010ல நின்னுது. கோயம்புத்தூர் ஏர் கார்னிவல் ஒரு வருஷம்கூட முழுசா ஓடல. சேலத்துக்கு விட்டுகிட்டிருந்த ட்ரூஜெட் 2022ல போச்சு. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில (பேர் வேணாம்) நாலு மாசம் சம்பளம் வரல. என் கோ-பைலட் அப்ப கல்யாணம் ஆன புதுசு, லோன் வாங்கி டைப் ரேட்டிங் பண்ணவன், பம்மல்ல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு இறங்கற ஃப்ளைட்டயே பார்த்துகிட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தான். அவனோட 900 மணி நேரத்த எவனும் எடுத்துக்க முடியல, எட்டு மாசத்துல வேற இடத்துல ஏறிட்டான். ஆனா அந்த எட்டு மாசம் இஎம்ஐ கட்டுனது அவன் மாமனார். அதனால வீட்டுப் பத்திரத்து மேல இன்னொரு கடன் மட்டும் வேணாம் சார். டைப் ரேட்டிங் காச சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கச் சொல்லிக் கேளுங்க. முடியாதுன்னா அடுத்த கதவ தட்டலாம்.

நங்கநல்லூர் வாசகி: நான் ப்ளஸ் டூ, மேத்ஸ் பிசிக்ஸ் குரூப். கண்ணாடி போட்டிருக்கேன். பைலட் ஆக முடியுமா அங்கிள்? எங்க ஆரம்பிக்கறது?

பதில்: தாராளமா முடியும்மா. கண்ணாடி போட்டு பார்வை சரியா வந்தா கண்ணாடி ஒரு தடையே இல்ல, கலர் தெரியறதுல குறை இருந்தாத்தான் சிக்கல். அதனால ஃப்ளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபா கட்டறதுக்கு முன்னாடி க்ளாஸ் டூ மெடிக்கல், அதுக்கப்புறம் க்ளாஸ் ஒன் மெடிக்கல், ரெண்டையும் முடிச்சிடு. அட்மிஷன் போட்டு பாதி ஃபீஸ் கட்டினப்புறம் மெடிக்கல்ல நின்னுபோன பிள்ளைங்கள பார்த்திருக்கேன், அந்த வலி உனக்கு வேணாம். சிபிஎல்லுக்கான டிஜிசிஏ பரீட்சையில நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாத்துலயும் 70 மார்க் எடுத்தாத்தான் பாஸ், வீட்டுல இருந்தே படிக்க ஆரம்பிக்கலாம். கோர்ஸ் செலவு 50 லட்சத்த தாண்டும், 7.5 லட்சத்துக்கு மேல எஜுகேஷன் லோன்னா பேங்க்ல பொதுவா சொத்து ஜாமீன் கேப்பாங்க, அப்பா அம்மாவோட உக்காந்து பேசு. உத்தரப்பிரதேசத்துல இருக்கற அரசாங்க ஃப்ளையிங் அகாடமி, இக்ருவா, அதோட என்ட்ரன்ஸையும் எழுதிப் பாரு. ஏர்லைன் பைலட்டுல பொண்ணுங்க பங்கு நம்ம நாட்டுல சுமார் 15 சதவீதம், உலக சராசரியவிட ரொம்ப ஜாஸ்தி, தைரியமா வா.

அம்பத்தூர் வாசகர்: பைலட் வேலைய விட ஒரு வருஷம் நோட்டீஸ் குடுக்கணுமாமே, நிஜமா?

பதில்: கேப்டனுக்கு ஒரு வருஷம், கோ-பைலட்டுக்கு ஆறு மாசம், 2017ல டிஜிசிஏ போட்ட விதி. அடுத்த கம்பெனி ஆஃபர் குடுக்கும்போதே ஜாயினிங் தேதிய இதுக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்குங்க.