வயதை முந்தி வாசிக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தமிழ் நாளிதழைச் சத்தமாக, தடங்கலே இல்லாமல் படிக்கிறாள். படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா அம்மா?" என்கிறாள். வீட்டில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கலாமா?
ஒரு தாய், பெரம்பூர்

பதில்: கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கிறோம். எழுத்தெல்லாம் பழகிவிட்ட குழந்தை, ஒரு வரி புரியாமலே தலையங்கத்தையும் தேவாரத்தையும் கடகடவென்று வாசித்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாத சொல் வந்தால் நாக்கு தடுக்கும், புரியவில்லை என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தமிழில் அந்தத் தடுக்கல் இல்லை. அதனால் சத்தமாகப் படிக்கும் வேகத்தைப் பார்த்துப் புத்தகம் வாங்கினால், தூக்க முடியாத புத்தகம் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். நாற்பது பக்கத்தில் அது அலமாரிக்குத் திரும்பிவிடும். "இவளுக்கு வாசிப்பில் ஆர்வம் போய்விட்டது" என்று நாமும் தவறாக முடிவுகட்டிவிடுவோம்.

சோதிப்பது எளிது. அவள் பார்த்திராத புத்தகம் ஒன்றின் முதல் இரண்டு பக்கங்களை மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள். மூடியபின் பேச்சுவாக்கில் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது? அவர் ஏன் அப்படிச் செய்தார்? அடுத்து என்ன நடக்கும்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் அந்தப் புத்தகம் தனியாகப் படிக்க இன்னும் ஒரு படி உயரம். 'ஏன்' என்பதற்கும் பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லும் பழைய வழியும் உதவும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று விரல் மடங்கினால் சரியான அளவு, ஐந்தும் மடங்கினால் கடினம். ஆனால் 'போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து' என்பது போன்ற நீளமான கோவையில் அவள் தயங்கினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரித்துச் சொன்னால் உடனே புரிந்துகொள்வாள். 'சதி', 'வாரிசு' மாதிரி வேர்ச்சொல்லே தெரியாதபோது மட்டும் விரலை மடக்கட்டும். பரீட்சை போல் தினமும் நடத்தாமல் ஒரு முறை பார்த்தால் போதும்.

இனி பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஏதோ ஒரு முடிச்சில் நிற்கும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கமும், ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டையும் எட்டு வயதுக் குழந்தையைச் சிரிக்கவைக்கும். மொழியும் பெரிய தடை இல்லை. தடை மூன்று இடங்களில் வரும். பாத்திரங்கள் மிக அதிகம். ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர்கள். நந்தினியின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது பெரியவர்களின் காதல், மணவாழ்க்கை தெரிந்தால்தான் பிடிபடும். பிற்பகுதியில் இளவரசன் ஒருவன் கொல்லப்படுகிறான், அதற்குப் பின் கதை கனத்துவிடுகிறது.

அதனால் முதல் பாகத்தை மட்டும் நீங்கள் வாசிக்க, அவள் கேட்கட்டும். அதில் 57 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று என்றால் இரண்டு மாதம். சோழ மரபின் வம்சக்கொடியை ஒரு சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டி, புதுப் பெயர் வரும்போதெல்லாம் அவளையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வரைபடமும் வைத்துக் கடம்பூர், பழையாறை, தஞ்சை, கோடிக்கரை எங்கே என்று அவளே குறிக்கட்டும். முதல் பாகம் முடிந்ததும் "அடுத்தது?" என்று கேட்டால் தொடருங்கள். கேட்காவிட்டால் பதினொரு, பன்னிரண்டு வயதுவரை அது அலமாரியில் காத்திருக்கட்டும். சிறுவர் சுருக்கப் பதிப்பைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கதைச் சம்பவங்கள் மட்டும் மிஞ்சி, பேச்சின் சுவை போய்விடுகிறது.

இன்னொன்று. உங்கள் பிரதி 1978-க்கு முன் அச்சானது என்றால், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அதில் இருக்கும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அதோடு ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என மொத்தம் 13 எழுத்துகள். தாத்தா காலத்துப் புத்தகத்தில் பிள்ளை திணறுவதற்குப் பல நேரம் இது மட்டுமே காரணம். பதின்மூன்றையும் ஒரு அட்டையில் பழைய வடிவம், புதிய வடிவம் என்று எழுதிப் புத்தகக்குறியாக வைத்துவிடுங்கள். சில நாளில் அட்டை தேவைப்படாது.

தனியாகப் படிக்க அவளுக்கு இப்போது வேண்டியது அத்தியாயம் பிரித்த, 80 முதல் 120 பக்க அளவிலான சிறுவர் நாவல்கள். படம் பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டியதில்லை, அத்தியாயத்துக்கு ஒன்று போதும். வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவையும் பிழைகளையும் பாருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பிழை கண்ணில் பட்டால் அந்தப் பதிப்பு வேண்டாம். இந்த வயதில் கண் பழகும் எழுத்துக்கூட்டல்தான் கையில் வரும்.

கேள்வி: மகனுக்குப் பதினொரு வயது. ஆங்கில வழிப் பள்ளி. ஆங்கிலத்தில் 400 பக்கம் கொண்ட நாவல்களை வாரம் ஒன்று என்று முடிக்கிறான். தமிழில் சிறுவர் கதை கொடுத்தால் "பாப்பாக் கதை" என்று ஒதுக்குகிறான். பெரியவர்கள் நாவல் கொடுத்தால் நான்கு பக்கத்தில் வைத்துவிடுகிறான். நடுவில் ஒன்றும் இல்லையா?
ஒரு தந்தை, வேளச்சேரி

பதில்: இருக்கிறது. ஆனால் கடை அலமாரியில் 'பத்து முதல் பதின்மூன்று வயதுக்கு' என்று தனித்தட்டு அமைவது அரிது என்பதால் தேடித்தான் எடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மூளையின் வயது ஒன்று, தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் வயது வேறு. கதைக்கரு அவன் மூளைக்கு ஈடாக இருக்கட்டும், வாக்கியம் அவன் தமிழுக்கு ஈடாக இருக்கட்டும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது மொழிபெயர்ப்புகளிலும் அறிவியல் எழுத்திலும்தான்.

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யிலிருந்து தொடங்குங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு ஜப்பானியப் பள்ளியின் உண்மைக் கதை. அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருப்பதால் ஒரு மூச்சில் ஒன்று முடியும். அதில் இளம்பிள்ளை வாதம் வந்த ஒரு சிறுவன் இறந்துபோகிறான். கடைசியில் போர்விமானங்களின் குண்டுவீச்சில் பள்ளி எரிகிறது. மறைக்க வேண்டாம். அந்தப் பக்கங்களை அவன் எட்டும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள், போதும்.

அடுத்து, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ், 1987 முதல் வருகிறது. ஒரு கட்டுரை இரண்டு மூன்று பக்கம்தான், பொருளோ குழந்தைத்தனமாக இல்லை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே அறிந்த ஒளிச்சேர்க்கையும் ஈர்ப்பு விசையும் தமிழில் வரும்போது கருத்து கைகொடுக்கும், சொல் மட்டும் புதிது. இதே காரணத்துக்காக, அவன் ஆங்கிலத்தில் விரும்பிப் படித்த கதையின் தமிழாக்கம் கிடைத்தால் வாங்குங்கள். கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லை ஊகித்துக்கொண்டே போவான். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வகையையும் ஒதுக்க வேண்டாம். பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் தமிழ், அவன் காதில் விழும் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் பாலமாக இருக்கும்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் ஆண்டுதோறும் தமிழுக்கும் பால சாகித்திய புரஸ்கார் வழங்குகிறது. அந்தப் பட்டியலையே தேடுகுறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் பரிசு பெற்ற 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' உங்கள் மகனுக்குப் பொருந்தும். 2020-இல் பரிசு பெற்ற 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறுவர்களின் உடல் பாதுகாப்பைப் பேசுகிறது. நல்ல புத்தகம், அவசியமான புத்தகமும்கூட. ஆனால் நீங்கள் முதலில் படித்துவிட்டு, பிறகு அவனோடு உட்கார்ந்து படியுங்கள்.

வட்டார வழக்கு அடர்ந்த நாவல்களை இப்போது கொடுக்காதீர்கள். கரிசல் பேச்சும் குமரிப் பேச்சும் அழகுதான், ஆனால் வேளச்சேரியில் வளரும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் காதிலும் விழுந்திருக்காது, அகராதியிலும் எளிதில் அகப்படாது. ஓராண்டு போகட்டும். அதன்பின் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுங்கள். உத்தமதானபுரத்துப் பிள்ளைப் பருவமும், ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகப் போன பகுதிகளும் படிக்கும் ஆசையுள்ள சிறுவனைப் பிடித்துக்கொள்ளும். ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அத்தியாயங்களை அவன் தாண்டிப் போனால் போகட்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் மணிக்கு நாற்பது பக்கம் படிப்பவன் தமிழில் பத்துப் பக்கம்தான் போவான். அந்த வேகக் குறைவுதான் அவனைச் சலிக்க வைக்கிறது. நாளுக்கு 15 நிமிடம் மட்டும் தமிழ் என்று வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் சத்தமாகப் படித்துக் கதைக்குள் இறக்கிவிட்டு, மீதியை அவனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயதுப் பிள்ளை நாளுக்கு ஒரு புத்தகம் முடிக்கிறாள். வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சென்னையில் எங்கே போவது?
ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் உங்கள் பகுதிக் கிளை நூலகம். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. பிள்ளையின் பெயரில் தனி அட்டையும், உங்கள் பெயரில் இன்னொன்றும் எடுங்கள். நூலகரிடம் "குழந்தைப் புத்தகம் கொடுங்கள்" என்று கேட்டால் மெல்லிய படக்கதைகள்தான் வரும். "கடல் உயிரினம் பற்றி, பெரிய பிள்ளைகள் படிப்பது போல் ஏதாவது" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

மாதம் ஒரு முறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. முதல் தளத்தில் குழந்தைகள் பகுதி, அதற்கு மேல் தமிழ் நூல்கள். முன்னேறிப் படிக்கும் பிள்ளையை இரண்டுக்கும் அழைத்துப் போங்கள். காலையில் போய், புரட்டிப் பார்த்துப் பிடித்தவற்றின் பெயர், பதிப்பகம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை வைத்துத்தான் பிறகு கிளை நூலகத்தில் கேட்பதும், கடையில் வாங்குவதும். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகமும் வியாசர்பாடியிலிருந்து எட்டும் தூரம்தான். பதிப்பில் இல்லாத நூலைத் தேடுவதென்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் தொடங்கியது, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று.

விலைக்கு வாங்குவதில் பழைய புத்தகமே உங்களுக்குச் சரி. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகள், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. பழைய பிரதியில் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நடுவில் தாள் விட்டுப் போயிருக்கிறதா என்று பக்க எண்ணை ஓட்டிப் பாருங்கள். கதை பாதியில் அறுந்தால் பிள்ளைக்கு அது பெரிய துக்கம்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நோட்டோடு போங்கள். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. கையில் உள்ள தொகையில் முக்கால் பங்கை நோட்டில் உள்ள புத்தகங்களுக்கு ஒதுக்கி, கால் பங்கை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் அவள் எதை எடுத்தாலும் குறுக்கே பேசாதீர்கள். இணையத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அங்கே நான்கு நிலைகள். உங்கள் மகளுக்கு 1500 சொற்களைத் தாண்டிய நான்காம் நிலைதான் பொருந்தும், அதுவும் பேருந்துப் பயணத்துக்குத்தான் காணும்.

கேள்வி: ஒரே புத்தகத்தைப் பத்து முறை படிக்கிறான். தடுக்கலாமா?
ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தடுக்காதீர்கள். முதல் முறை கதைக்கு, அடுத்த முறைகள் சொல்லுக்கும் வாக்கியத்துக்கும். புதுப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கேள்வி: தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதி பார்க்கச் சொல்கிறேன். மகள் புத்தகத்தையே மூடிவிடுகிறாள்.
ஓர் ஆசிரியை, மயிலாப்பூர்

பதில்: படிக்கும்போது வேண்டாம். பென்சிலால் சிறு புள்ளி வைத்துவிட்டு மேலே போகட்டும். அத்தியாயம் முடிந்தபின் புள்ளி வைத்ததில் மூன்றே மூன்று சொல்லை மட்டும் பாருங்கள். கதை புரிய எந்த மூன்று வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

பிள்ளைகள் தமிழ் அகராதியில் தோற்றுப்போவதற்குக் காரணம் வேறு. 'சென்றிருந்தாள்' என்பதை அப்படியே தேடுவார்கள், கிடைக்காது. 'செல்' என்பதில்தான் இருக்கும். 'மரத்தடியில்' என்றால் 'மரம்', 'அடி'. வேரைப் பிரித்தெடுக்கும் இந்த வேலையை ஒரு வாரம் நீங்கள் கூட இருந்து பழக்கிவிட்டால், பிறகு தானே தேடுவாள். 1992-இல் முதலில் வெளிவந்து இரண்டு முறை திருத்தி விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு ஏற்றது. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. அந்த வாக்கியத்தைச் சத்தமாக ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள், பொருள் வரியைவிட அதுதான் மனத்தில் நிற்கும்.