500 மீட்டர் பஃபர் வரைபடம் முழுவதையும் மூடுவது பற்றி

காற்றாலைக்கு ஆகாத இடங்களைக் குறிக்க, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் மாணவர்கள் வீடுகளைச் சுற்றிப் போட்ட 500 மீட்டர் பஃபர் (சுற்றுவளையம்) வரைபடம் முழுவதையும் மூடிவிடுவதாகக் கேட்டிருந்தீர்கள். வீடுகளின் அடுக்கை (அவற்றின் இடங்கள் உள்ள தரவை) மீட்டர் அலகுள்ள யுடிஎம் ஆயமுறைக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடங்களைக் குறிக்கும் முறைக்கு) மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்த பிறகு பஃபர் போடுங்கள். அப்போது வளையம் வரைபடம் முழுவதையும் மூடுவது நின்றுவிடும்.

அந்த அடுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அளவில் இருப்பதால், நீங்கள் கொடுத்த 500 என்ற எண்ணைக் கியூஜிஐஎஸ் 500 டிகிரியாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டத்தின் ஆயமுறையை மட்டும் மாற்றினால் போதாது. அது காட்சியை மாற்றுமே தவிர, கோப்பைத் தொடாது (பலரும் இடறும் இடம் இதுதான்).

மாற்றியபின் ஒரு வீட்டிலிருந்து வளையத்தின் விளிம்புவரை அளக்கும் கருவியால் அளந்தால், ஏறத்தாழ 500 மீட்டர் வர வேண்டும். நிலத்தின் உயரத்தைக் காட்டும் அடுக்கையும் இவ்வாறே மாற்றிவிடுங்கள். இல்லையேல் கிடைத்தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால், லேசான மேடுபள்ளம்கூட 90 டிகிரியை நெருங்கும் சரிவாகத் தெரியக்கூடும்.

ஒரு யுடிஎம் மண்டலத்தின் அகலம் 6 டிகிரிதான் என்பதால், ஆய்வுப் பகுதி அதைத் தாண்டிப் பரந்திருந்தால் வேறு ஆயமுறை தேவைப்படலாம்.