மாங்கூழ் ஆலையில் மனரம்மியம்

அன்புள்ள அக்கா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் இது எனக்கு ஏழாவது சீசன். பெல்ட்டில் வரும் பெங்களூரா பழங்களில் அழுகலைப் பொறுக்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். மாங்காய்ப் பாலும் சாறும் பட்டு விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. பி.காம். படித்தவள் நான். வீட்டு நிலைமை இங்கே கொண்டுவந்து விட்டது.

போன ஞாயிறு சபையில், "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று பிரசங்கம். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டுக்கு வந்தால் பிள்ளையிடம் வள்ளென்று விழுகிறேன். என் விசுவாசம் செத்துவிட்டதா அக்கா?

- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

'நாள் முழுக்க நின்றபடி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டாரே, நினைவிருக்கிறதா? தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். உங்கள் எரிச்சலில் பெரும்பங்கு கால் வலியும் பசியும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவிசுவாசக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்காருங்கள். "அம்மா கால் மணி நேரத்தில் வருகிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டால் அது புரிந்துகொள்ளும்.

அப்புறம் அந்த வசனம். அப்போஸ்தலன் பவுல் அதைக் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுதினார். அதே நிருபத்தில், நான்காம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று எஜமான்களிடமும் சொல்கிறார். முதலாவதை அடிக்கடி கேட்கிறோம், இரண்டாவதை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. கையுறை கேட்பதும், நடுவில் உட்காரப் பத்து நிமிடம் கேட்பதும் முறுமுறுப்பு ஆகாது. தனியாகக் கேட்கத் தயக்கமா? உங்கள் வரிசைப் பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள்.

"மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது காவலில் இருந்தார். மனரம்மியம் என்றால் இருக்கிற நிலையில் மனநிறைவோடு இருப்பது. கூடாரம் செய்து பிழைத்தவர் அவர், கைத்தொழிலின் அலுப்பு அவருக்குத் தெரியும். அவரே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் உங்களுக்கும் நாள் பிடிக்கும். ஒரு அழுகல் தப்பினாலும் கூழ் கெடும். அதைக் குடிக்கப்போவது எந்த ஊர்ப் பிள்ளையோ. டீ இடைவேளையில் அந்தப் பிள்ளைக்காக ஒரு வரி ஜெபியுங்கள். சந்தோஷம் பொங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இன்றைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை ஆண்டவரே" என்றும் சொல்லலாம். சங்கீதங்களில் இதைவிடக் கடுமையான புலம்பல்கள் இருக்கின்றன.

படிப்பை மூட்டை கட்டி வைக்காதீர்கள். எடைமேடைக் கணக்குக்கு ஆள் தேவையா என்று உங்கள் ஆலையிலேயே கேட்டுப் பாருங்கள். வேறு வேலை தேடுவது மனரம்மியத்துக்கு விரோதம் இல்லை.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சீசன் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். கை எரிச்சல் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா