எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகமா?

அன்புள்ள ஐயா,
ஜப்பானின் மரப்பலகை அச்சு ஓவியர் உதமாரோவின் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். நீள முகம், கோடு மாதிரி கண், துளி வாய். உடையும் கொண்டையும்தான் மாறுகின்றன. எல்லாருக்கும் ஒரே முகம். இதில் என்ன அழகைக் கண்டீர்கள்?
கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

முதலில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிஜின்-கா எனப்படும் இந்த அழகியர் படங்களில் முகத்துக்கு ஓர் அச்சு இருந்தது. கிதகாவா உதமாரோவும் அதை விட்டுவிடவில்லை. ஆனால் நடிகர்களுக்கு வழக்கமாக இருந்த மார்பளவுப் படத்தை 1790களில் பெண்களுக்குக் கொண்டுவந்தார். முகம் அவ்வளவு கிட்டத்தில் வந்தபின் சின்ன வித்தியாசமும் பேச ஆரம்பித்துவிடுகிறது.

1793 வாக்கில் வந்த 'இக்காலத்து மூன்று அழகியர்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் தொயோஹினா, ஆடல் பாடல் கலைஞரான ஒரு கெய்ஷா. வலப்பக்கம் ஓகிதா, எடோவில் (இன்றைய டோக்கியோ) அசகுசா பகுதித் தேநீர்க் கடையில் பரிமாறிய பெண். இடப்பக்கம் ஓஹிசா. மூக்குத்தண்டை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அப்புறம் இமைகளை. மூவரும் தனித்தனி ஆட்கள். நெற்றியில் கூந்தல் தொடங்கும் இடத்தையும் விடாதீர்கள். செர்ரி மரப்பலகையில் ஒவ்வொரு இழையின் இருபுறமும் செதுக்கி நீக்கி, இழையை மட்டும் நிற்க விட்டிருக்கிறார்கள். பட்டறையில் கைதேர்ந்த செதுக்குநருக்குத்தான் அந்த இடத்தைக் கொடுப்பார்கள்.

வாங்கியவர்களுக்கும் 'யாரோ ஓர் அழகி' போதவில்லை, ஓகிதாதான் வேண்டும். 1793இல் அரசு, கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது என்றது. உதமாரோ என்ன செய்தார் தெரியுமா? மூலையில் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், வயல் என்று வரைந்தார். இரண்டு கட்டுக் கீரைக்கு ஜப்பானியில் நா-நி-வா, அம்புக்கு யா, கரைக்கு அப்பாலுள்ள கடலுக்கு ஓகி, வயலுக்கு தா. நானிவாயா ஓகிதா! கடைப் பெயரோடு ஆள் பெயரும் வந்துவிட்டது. 1796இல் அந்தப் படப்புதிருக்கும் தடை வந்தது. 1800இல் பெண்களின் பெரிய முகப்படங்களுக்கே தடை.

சரி, உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. எடோவின் கணிகையர் பேட்டையான யோஷிவாராவில் இருந்த பெண்கள் பலர் சிறுவயதிலேயே குடும்பத்தின் கடனுக்காக விற்கப்பட்டவர்கள். அவர்களை வரைந்த படங்கள் அந்த வியாபாரத்துக்கு விளம்பரமாகவும் இருந்தன. அந்த அமைதியான முகங்களில் இதெல்லாம் தெரியாது. எனக்கு அது இன்றும் உறுத்தல்தான்.

ஆனாலும் யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகளை உதமாரோ வரைந்த வரிசையில் எருதுப் பொழுதின் படத்தை ஒருமுறை பாருங்கள். அன்றைய ஜப்பானில் ஒரு நாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர் வைத்திருந்தார்கள். இரவு 2 மணி சுமார். தூக்கம் கலையாத ஒருத்தி, ஒரு கையில் எரியும் காகிதத் திரி, இன்னொரு கையில் மடித்த தாள். உடை தோளிலிருந்து நழுவுகிறது, கால் செருப்பைத் துழாவுகிறது. அவளை யாரும் பார்க்காத நேரம் அது.