பழைய கமாரோவில் புது இன்ஜின்

கேள்வி: அமெரிக்காவில் 1969 ஷெவ்ரோலே கமாரோ காருக்குள் அதே கம்பெனியின் இந்தக் கால வி8 வகையான எல்எஸ் இன்ஜினை இறக்குகிறார்களே, அப்படியே உட்கார்ந்துவிடுமா?

பதில்: உட்காராது! இரண்டும் ஒரே கம்பெனி வி8 (எட்டு சிலிண்டர் V வடிவில் அமைந்த இன்ஜின்) என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். பழைய கியர்பாக்ஸின் போல்ட் துளைகள் ஒன்றிரண்டு தவிர ஒத்துப்போகும், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மவுண்ட் வேறு, நடுவில் இணைப்புத் தகடு வேண்டும்; அப்புறம் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பான் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதற்கென்று வேறு வடிவத்தில் விற்கிறார்கள், முதலில் அதை வாங்கிவிட வேண்டும்.

உண்மையான செலவு இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசேர்க்கும் அமைப்பில்தான். பழைய இன்ஜினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு 6, 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) போதும், எல்எஸ்ஸில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். அதனால் பழைய பம்பு, குழாய், சில சமயம் டேங்க் எல்லாமே மாறும். கூடவே இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், வயரிங் செலவு வேறு.

லாபம் இல்லாமல் இல்லை. 2008 ஷெவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின் அப்படியே 430 குதிரைத்திறன் தரும், அலுமினிய பிளாக் என்பதால் எடையும் குறைவு, காலையில் ஒரே சாவித் திருப்பலில் உயிர் வரும்.

காரில் ஒரிஜினல் எண் பொருந்திய இன்ஜின், அதாவது அந்தக் காரோடு ஃபேக்டரியிலிருந்தே வந்தது என்று எண்ணால் தெரிகிற இன்ஜின் இருந்தால் நான் தொடமாட்டேன். நீங்கள் கழற்றியே தீருவதென்றால், அதை எடைக்குப் போடாமல் ஷெட்டில் பத்திரமாக மூடிவையுங்கள்.