கொத்தித் துளைத்தலும் தங்கள் மகனின் நேர்முகத் தேர்வும்

மதிப்புக்குரிய ஐயா,

நேர்முகத் தேர்வில் ‘பெக் ட்ரில்லிங்’ என்றால் என்னவென்று கேட்கப்பட்டபோது தங்கள் மகன் வாயடைத்து நின்றதையும், ஆங்கிலம் போதாத பிள்ளையை, கணினிக் கட்டளையால் இயங்கும் சிஎன்சி இயந்திரத் துறையில் விட்டது பிழையோ என்று தாங்கள் கலங்குவதையும் கடிதத்தில் கண்டேன். பயிற்சிக் கொப்பியில் அச்சொல்லுக்கு நேரே ‘ஜி83’ என்ற இயந்திரக் கட்டளையை அவர் எழுதி வைத்திருப்பதாகத் தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். ஆகவே அவரை மடக்கியது ஆங்கிலம் அன்று, மனனஞ் செய்த கட்டளையின் காரணம் தெரியாமையே என்பது என் கணிப்பு.

பெக் என்பது கோழி கொத்துவதைக் குறிக்கும் சொல். ட்ரில் பிற் எனும் துளையிடும் அலகு ஒரே மூச்சில் அடிவரை இறங்காமல், சிறிது துளைத்து, பின்வாங்கி, மறுபடியும் இறங்குவதால் இப்பெயர் வந்தது. 5 மி.மீ. பிற்றால் இரும்பில் 40 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் விட்டத்தின் 8 மடங்காக இருப்பதால், இறங்க இறங்கச் சீவல்கள் பிற்றின் சுருட்பள்ளங்களில் ஏறிவர வழியின்றி இறுகும், கூலன்ற் எனும் குளிர்விக்கும் திரவம் நுனியைச் சென்றடையாது, சூடேறி ஈற்றில் பிற் உள்ளேயே முறியவுங்கூடும். முறிந்த துண்டை வெளியே எடுப்பது துளையிடுவதைவிடப் பெரிய வேலை. 5 மி.மீ. வீதம் எட்டுத் தடவை கொத்தினால் ஒவ்வொரு முறையும் சீவல் வெளியேறி, கூலன்ற் உட்புகும். பெனக் நிறுவன வகைக் கணினிக் கட்டுப்பாட்டுள்ள மில்லிங் (உலோகம் செதுக்கும்) இயந்திரத்தில் ஜி83 ஒவ்வொரு கொத்துக்கும் பிற்றைத் துளைக்கு வெளியே கொண்டுவரும். ஜி73 சற்றே பின்வாங்கிச் சீவலை முறிப்பதோடு நிற்கும். இரண்டிலும் கியூ என்ற எழுத்துடன் வரும் எண் ஒரு கொத்தின் ஆழம்.

எங்கே கொத்தக் கூடாது என்பதை அறிந்தவரையே நான் தேர்ந்த தொழிலாளி என்பேன். விட்டத்தின் மூன்று மடங்குக்கு உட்பட்ட ஆழத்தில் கொத்துவது பெரும்பாலும் நேர விரயம். துருப்பிடிக்கா உருக்கில் மிகச் சிறு கொத்துகள் வெட்டாமல் உரசி, உலோகத்தை மேலும் கடினமாக்கிவிடும். உள்ளூடாகக் கூலன்ற் பாயும் கார்பைட் எனும் மிகக் கடினமான பொருளாலான பிற்றுகளோ ஆழமான துளையையும் பொதுவாக ஒரே வீச்சில் முடித்துவிடும்.

ஆகவே துறையை மாற்ற வேண்டாம். என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டத்தை முடித்தவருக்கு 5, 6ஆம் மட்ட டிப்ளோமாக்களும் அவற்றுக்கு மேல் 7ஆம் மட்டப் பட்டமும் திறந்தே இருக்கின்றன. போதனாசிரியரின் அனுமதியுடன், சாதாரண மேசைத் துளை இயந்திரத்தில் ஓர் அலுமினியத் துண்டை இறுகப் பூட்டி, நெம்புகோலை உயர்த்தி உயர்த்தித் துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீவல் எப்போது அடைக்கிறது என்பதைக் கை உணரும். பின்னர், பிற்றை ஏன் உயர்த்தினாய் என்று தாங்களே வீட்டில் கேளுங்கள். நல்ல தமிழில் காரணம் சொல்லிவிட்டாரெனில், அதையே ஆங்கிலத்தில் நான்கு வரிகளாக எழுதப் பழக்குவது என் பொறுப்பு. அடுத்த சந்திப்புக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.