காமர்ஸா, இணைந்த கணிதமா?

கேள்வி: அக்கா, நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். ஓஎல் (சாதாரண தர) பரீட்சை எழுதி முடிச்சிட்டேன், மெத்ஸ்ல ஏ வரும்னு நம்பிக்கை இருக்கு. சிவில் இன்ஜினியர் ஆகணும்னு ஆசை. எங்க ஸ்கூல்ல ஏஎல் (உயர்தர) மெத்ஸ் பிரிவு இல்ல, ஹட்டனுக்குத்தான் போகணும். அப்பா செலவை நினைச்சு, இங்கயே காமர்ஸ் படின்னு சொல்றாரு. கம்பைன் மெத்ஸ் ரொம்ப கஷ்டம்னும் எல்லாரும் பயமுறுத்துறாங்க. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடுறேன். காமர்ஸ் நல்ல பாடம்தான், ஆனா அதுல இருந்து மொரட்டுவை, பேராதனை மாதிரி பல்கலைக்கழகங்கள்ல இன்ஜினியரிங் போக வழியே இல்ல. இணைந்த கணிதம் (நீ சொல்ற கம்பைன் மெத்ஸ்), பௌதிகவியல், இரசாயனவியல் மூணும் வேணும். அதனால ஆசை நிஜம்னா ஹட்டனுக்கு போ.

கஷ்டம்ங்கிறது உண்மை. இணைந்த கணிதத்துல தூய கணிதம், பிரயோக கணிதம்னு ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 3 மணித்தியாலம். ஏ பகுதியில 10 கேள்வியும் கட்டாயம், பி பகுதியில 7ல 5 செஞ்சா போதும். ஆனா நான் பார்த்த வரைக்கும் பிள்ளைங்க விழுறது ஏஎல்ல புதுசா வர்ற வகையீடு தொகையீட்டுல இல்ல, ஓஎல் அட்சரகணிதத்துலதான். எக்ஸ் வர்க்கம் சமன் 3 எக்ஸ்னு குடுத்தா, ரெண்டு பக்கமும் எக்ஸை வெட்டிட்டு விடை 3ன்னு எழுதி நிப்பாட்டிருவாங்க, 0ம் ஒரு விடை, அது அங்கயே காணாமப் போயிரும். சமனிலியில இன்னும் மோசம், எக்ஸ் மறையா (மைனஸா) இருந்தா குறி திரும்பும்னு யோசிக்காம அதால பெருக்கிடுறாங்க. ஏஎல்ல ஒரு நீளக் கணக்குல ரெண்டாவது வரியில இப்படி நடந்தா அதுக்கு கீழ செஞ்சது அத்தனையும் வீண்தானே? ரிசல்ட்ஸ் வர மாசக்கணக்குல இருக்கு, அதுக்குள்ள காரணிப்படுத்தல், சுட்டி, மடக்கை, சமனிலி, திரிகோண கணிதம் இதை மட்டும் ஊறப் போட்டு செய். தொகையீட்டுக்கு இப்பவே டியூஷன் தேடி காசை கொட்ட வேணாம். தேசிய கல்வி நிறுவகத்தோட புத்தகங்கள் தமிழ்லயே அவங்க வெப்சைட்ல இருக்கு, ஃபோன்ல டவுன்லோட் பண்ணலாம்.

அப்பாகிட்ட இதையும் சொல்லு: கெம்பஸுக்கு எடுக்கிறப்போ இடங்கள்ல 40 வீதம்தான் முழு நாட்டுக்கும் பொதுப் போட்டி, 55 வீதம் மாவட்ட அடிப்படை, பின்தங்கின மாவட்டங்களுக்கு தனியா 5 வீதம், நம்ம நுவரெலியாவும் அதுல இருக்கு. கொழும்பு பிள்ளை எடுக்கிற இசட் ஸ்கோர் (மத்தவங்க எடுத்த புள்ளியோட ஒப்பிட்டு குடுக்கிற மதிப்பு, கெம்பஸுக்கு எடுக்கிறது இதை வச்சுத்தான்) உனக்கு தேவைப்படாமலே போகலாம். ஆனா இசட் ஸ்கோர் மூணு பாடத்தோட சராசரி, அதனால மெத்ஸ் மெத்ஸ்னு கிடந்துட்டு இரசாயனவியலை கைவிட்டுடாத, நிறைய பேர் அப்படித்தான் கோட்டை விடுறாங்க. பௌதிகவியலுக்கு பயமில்ல, பிரயோக கணிதத்துல இயக்கவியல் நல்லா வந்துட்டா அங்கயும் பெரிய உதவி.

ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போட முன்ன அப்பாவையும் கூட்டிட்டு ஹட்டனுக்கு ஒருக்கா நேர்ல போ. தமிழ் மீடியத்துல மூணு பாடத்துக்கும் டீச்சர் இருக்காங்களா, ஹாஸ்டல்ல இடம் இருக்கா, இல்லன்னா பின்னேரம் கிளாஸ் விட்டதும் நோர்வூட் வழியா வீட்டுக்கு வர பஸ் இருக்கா, எல்லாத்தையும் அவர் முன்னாலயே கேளு.